வீட்டுக்கு வந்த ஆரஞ்சுப் பூனை

 

போன இதழில் பிள்ளைகளின் டிபன் டப்பாவோடு மல்லுக்கட்டினேன். இந்தத் தடவை அடுப்பங்கரையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வந்திருக்கிறது. ஆரஞ்சு நிறம். பால் கேட்காது, மீன் கேட்காது, சோபாவில் முடி உதிர்க்காது. ஆனால் அது வந்த பதினைந்து நாளில் வீட்டில் நடந்த கூத்தும் சிந்திய கண்ணீரும் கொஞ்சமல்ல.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பீரியடில் ‘ஸ்கிராட்ச்’ என்று ஒன்றைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு ஒரு பீரியட்; ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள். “என் கைக்கு மவுஸ் வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடுதும்மா” என்று ஒரே புலம்பல். கடைசியில் இவருடைய லேப்டாப்பில் அதை ஏற்றிக் கொடுத்தார். காசு ஒன்றும் கிடையாது, இலவசம். ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும்.

திறந்ததும் திரையில் அந்த ஆரஞ்சுப் பூனை நிற்கும். அதுவாக ஒன்றும் செய்யாது. நாம் சொன்னால்தான் நகரும். அதற்கு எழுத்து எழுத்தாக டைப் அடிக்க வேண்டியதில்லை. கலர் கலராகக் கட்டைகள் இருக்கின்றன. நீலக் கட்டையில் ‘பத்து அடி நட’ என்று இருக்கும், இன்னொன்றில் ‘இத்தனை டிகிரி திரும்பு’ என்று இருக்கும் (எல்லாம் ஆங்கிலத்தில்தான்). குழந்தைகள் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவார்களே, அந்த மாதிரி இவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். மேலே இருக்கிற பச்சைக் கொடியை அழுத்தினால் பூனை வரிசையாகச் சொன்னபடி செய்யும். சொன்னதைத்தான் செய்யும்; மனசில் நினைத்ததைச் செய்யாது. இதுதான் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிற கலைக்கு அரிச்சுவடி.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற பெரிய படிப்பு நிலையத்தில், மிச்சல் ரெஸ்னிக் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது இது. 2007-ல் எல்லோருக்கும் என்று வெளியே விட்டார்கள். எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக முக்கியமாகச் செய்தது. இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, ‘பூனை நடக்கிறது’ என்பது மட்டும்தான். நான் பிளஸ் டூவோடு நின்றவள். கம்ப்யூட்டர் என்றாலே இவருடைய டிபார்ட்மெண்ட் என்று ஒதுங்கிவிடுவேன்.

சரி, கருவி வந்துவிட்டது. சொல்லிக் கொடுப்பது யார்? நமக்குத் தெரிந்த வழி புத்தகம்தானே? பழைய புத்தகக் கடையில் தேடி, கலர்ப் படங்களோடு ஒரு ஸ்கிராட்ச் புத்தகத்தை 150 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். புதுசு போலவே இருந்தது. லாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் குதூகலமாக இருந்தாள். இரண்டாம் நாள் முகம் வாடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், கூடத்தில் ‘படீர்’ என்று புத்தகம் மூடுகிற சத்தம். போய்ப் பார்த்தால் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

“என்னடா கண்ணு?”

“எனக்கு இது வராதும்மா. எனக்கு அந்த மூளையெல்லாம் இல்ல.”

சகோதரிகளே, ‘வராது’ என்கிற அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. பத்தாம் வகுப்பில் ஜியோமிதி புரியாமல் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். வீட்டிலும், ‘சரி, வரலேன்னா விடு’ என்று விட்டுவிட்டார்கள். அந்த வார்த்தையை நானே நம்பி, கணக்கு இல்லாத குரூப்பாகப் பார்த்து எடுத்து, பிறகு படிப்பையே முடித்துக்கொண்டேன். இன்றைக்கும் பால் கணக்கைப் போடும்போதுகூட இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிற பயம் எனக்கு. பதினோரு வயசுக் குழந்தை அந்த வார்த்தையை எடுக்கிறாளே என்று பகீர் என்றது.

ராத்திரி அவள் தூங்கின பிறகு, புத்தகத்தையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஸ்கிராட்ச் தெரியாது. ஆனால் இரண்டு படத்தைப் பார்த்து ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியும், இல்லையா?

புத்தகத்தில் பூனை நிற்கிற மேடை இடது பக்கம் இருந்தது. எங்கள் திரையில் வலது பக்கம். புத்தகத்தில் ‘பேனா’ என்று ஒரு பிரிவு, மற்ற கட்டைகளோடேயே வரிசையில் இருந்தது. திரையில் தேடித் தேடிப் பார்த்தாலும் அப்படி ஒன்று இல்லை. பூனை நடந்துபோகிற வழியில் கோடு போட அந்தப் பேனா வேண்டும். அது கிடைக்காமல்தான் குழந்தை மூன்று நாளாக அல்லாடியிருக்கிறாள்!

புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். அச்சான வருஷம் 2014. அட்டையில் மூலையில் சின்னதாக ‘2.0’. அப்போதுதான் விஷயம் வெளிச்சமாயிற்று. ஸ்கிராட்ச்சின் இரண்டாம் பதிப்பு 2013-ல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்துவிட்டது. மூன்றாவதில் மேடையை வலது பக்கம் மாற்றிவிட்டார்கள். பேனாவை வரிசையிலிருந்து எடுத்து, இடது பக்கம் அடி மூலையில் இருக்கிற ஒரு பொத்தானுக்குள் வைத்துவிட்டார்கள். அதை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் பேனாவைத் தேர்ந்தெடுத்தால் கட்டைகள் வந்து சேர்ந்துகொள்ளும். கோடுகளை அழிக்கிற கட்டைக்குப் பழைய பெயர் ‘கிளியர்’. புதிய பெயர் ‘இரேஸ் ஆல்’. இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்.

காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “புத்தகம்தான்டா பழசு. உன் மூளை பழசில்ல.” அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடு. எல்லாம் வீடியோவுல இருக்கு” என்றார். நியாயமாகத்தான் பட்டது. வீடியோ புதுசு, இலவசம். அன்று மத்தியானம் ஒரு வீடியோ போட்டுக் கொடுத்தோம். பூனை ஓடி ஓடி மேலிருந்து விழுகிற ஆப்பிளைப் பிடிக்கிற விளையாட்டு. ஒரு மணி நேரத்தில் அப்படியே செய்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பால்காரர்வரை எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான்.

மறுநாள் சும்மா கேட்டேன்: “ஆப்பிள் ரொம்ப வேகமா விழுதே, கொஞ்சம் மெதுவா விழ வைக்கலாமா?”

முழித்தாள். எந்தக் கட்டையில் கை வைப்பது என்றே தெரியவில்லை. “அந்த அண்ணா வச்ச மாதிரியே நானும் வச்சேம்மா. ஏன்னு தெரியல” என்றாள்.

இது நமக்குத் தெரியாத சமாசாரமா? செல்போனில் யாரோ ஒரு அம்மாள் அதிரசத்துக்குப் பாகு வைக்கிறதைப் பார்க்கிறோம். பார்க்கும்போது என்ன சுலபம்! நாம் அடுப்பில் வைக்கும்போதுதான் அது கல்லாகவோ தண்ணீராகவோ போகிறது. பார்த்தது கண், பழகாதது கை. வீடியோவில் தப்பே நடக்காது. தப்பு நடந்த இடங்களை வெட்டிவிட்டுத்தானே நமக்குக் காட்டுகிறார்கள்? தப்பு நடந்தால் எப்படித் திருத்துவது என்று அது எப்படிச் சொல்லிக் கொடுக்கும்?

இன்னொரு கஷ்டமும் இருந்தது. எங்களுடையது சின்ன லேப்டாப். வீடியோவும் அதில்தான், வேலையும் அதில்தான். ஒரு கட்டையைப் பார்க்க அங்கே போக வேண்டும், பொருத்த இங்கே வர வேண்டும். அதற்குள் வீடியோ நாலு அடி முன்னால் போயிருக்கும். ஒன்று முடிந்தால் அதுவாக இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். அது ஸ்கிராட்ச்சாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கண்ணும் பாவம். இப்போது எங்கள் வீட்டில், கண் டாக்டர்கள் சொல்கிற அந்த 20-20-20 முறையைக் கட்டாயமாக்கிவிட்டேன்: 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது 20 விநாடி பார்க்க வேண்டும். எதிர்வீட்டு முருங்கை மரம் அதற்கென்றே நிற்கிறது.

ஆக, பழைய புத்தகம் மறுபடி மேஜைக்கு வந்தது. இந்தத் தடவை பேனா எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோனதால் தகராறில்லை. புத்தகம் திறந்தபடி கிடக்கும். இரண்டு கையும் கம்ப்யூட்டரில் இருக்கும். புத்தகம் ஓடிப் போகாது, காத்திருக்கும். பூனை ஏடாகூடமாக நடந்தால், புத்தகத்து வரியையும் திரையின் வரியையும் விரல் வைத்து ஒத்துப் பார்க்கலாம். தப்பு எந்த வரியில் என்று அவளே பிடித்துவிடுவாள்.

புத்தகத்தில் சதுரம் போடுகிற பாடம் இருந்தது. பேனாவைக் கீழே வை. நூறு அடி நட, 90 டிகிரி திரும்பு. இதையே நாலு தடவை செய். அழகான சதுரம் வந்தது. “சரி, இப்ப புத்தகத்தைப் பார்க்காம ஒரு முக்கோணம் போடு பார்க்கலாம்” என்றேன்.

முக்கோணத்துக்கு மூலை 60 டிகிரி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். மூன்று தடவை, 60 டிகிரி என்று போட்டாள். வந்தது முக்கோணமில்லை, தேன்கூட்டு அறையில் பாதியை உடைத்து வைத்த மாதிரி, வாய் மூடாத ஒரு கோடு! அவள் மூன்றை ஆறாக மாற்றினாள். பூரா தேன்கூட்டு அறையே வந்துவிட்டது. அறுகோணம்! அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் முக்கோணம் எங்கே?

எனக்கும் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. சாக்பீஸை எடுத்துக் கூடத்துத் தரையில் ஒரு பெரிய முக்கோணம் வரைந்தேன். “நீ என்னைப் பூனை மாதிரி ஓட்டு” என்று அதன்மேல் நின்றேன். “நடங்கம்மா... நில்லுங்க... திரும்புங்க” என்றாள். மூலையில் நின்று திரும்பினேன். அப்போதுதான் உறைத்தது. நான் போய்க்கொண்டிருந்த திசையை விட்டு அடுத்த கோட்டுக்குத் திரும்ப, கொஞ்சம் திரும்பினால் போதவில்லை. ஏறக்குறைய பின்பக்கமாகவே திரும்ப வேண்டியிருந்தது. மூலைக்கு உள்ளே இருப்பது 60. நான் திரும்பியது 180-ல் 60 போக மிச்சம், 120! மூன்று மூலையும் திரும்பி முடித்து, புறப்பட்ட திசையையே பார்த்து நின்றால், மொத்தம் ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி. மூன்றால் வகுத்தால் 120. சதுரத்துக்கு நாலால் வகுத்தால் 90. தேன்கூட்டுக்கு ஆறால் வகுத்தால் 60.

120 போட்டாள். முக்கோணம் வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அவள் குதித்தாள். நான் குதிக்கவில்லை, அப்படியே சாக்பீஸ் கோட்டின்மேல் நின்றேன். பத்தாம் வகுப்பில் ‘வராது’ என்று நான் மூடி வைத்த ஜியோமிதி, நாற்பத்து மூன்று வயதில், கூடத்துத் தரையில், முழங்கால் வலியோடு எனக்கு வந்தது.

இப்படி நடந்து பார்ப்பது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லையாம். ஸ்கிராட்ச்சுக்கு முன்னோடி ‘லோகோ’ என்பது. 1967-ல் சீமூர் பேப்பர்ட்டும் அவருடன் வேலை பார்த்தவர்களும் குழந்தைகளுக்காகச் செய்தது. அதில் பூனைக்குப் பதில் ஆமை. தரையில் விரித்த காகிதத்தில் பேனாவோடு ஊர்ந்து கோடு போடுகிற நிஜமான இயந்திர ஆமையே இருந்தது. குழந்தை தன்னை ஆமையாக நினைத்து நடந்து பார்த்தால் கணக்கு உடம்பில் ஏறும் என்பது பேப்பர்ட்டின் எண்ணம். அம்மாவின் உடம்பிலும் ஏறும் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

அதற்காகத் திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காகிதத்தால் முடியாத காரியங்கள் அதில் இருக்கின்றன. பூனை எப்படித் தாவ வேண்டும், சத்தம் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைப் படத்தில் காட்ட முடியாது. அசைவதைப் பார்த்தால்தான் புரியும். ஸ்கிராட்ச்சுக்குள்ளேயே மேலே ‘டுடோரியல்ஸ்’ என்று சின்னச் சின்னப் பாடங்கள் இருக்கின்றன. அவை கூடவே புதுசாகிக்கொண்டிருப்பதால், மேடை இடமா வலமா என்ற தகராறு வராது. தவிர, உலகத்தின் ஏதோ மூலையில் ஒரு பிள்ளை செய்த விளையாட்டை எடுத்து, ‘உள்ளே பார்’ என்ற பொத்தானை அழுத்தினால், அது எந்தெந்தக் கட்டைகளால் ஆனது என்று அப்படியே தெரியும். பக்கத்து வீட்டுச் சமையலறையில் நின்று அவர்கள் தாளிப்பதைப் பார்க்கிற மாதிரி! எந்தப் புத்தகத்தாலும் இதைச் செய்ய முடியாது.

இரண்டையும் சேர்க்கிற வழியும் உண்டு. ஸ்கிராட்ச் செய்தவர்களே ஒரு பக்கத்தில் ஒரு சங்கதி மட்டும் சொல்கிற பாட அட்டைகளை இலவசமாகத் தருகிறார்கள். கடையில் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துக்கொள்ளலாம். நம் தமிழ்நாட்டில் 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், ‘காட்சித் தொடர்பு’ என்ற கடைசிப் பாடத்தில் இந்த ஸ்கிராட்ச்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், தமிழிலேயே. வீட்டில் அந்தப் புத்தகம் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பிள்ளை பேசுகிற வார்த்தைகள் நமக்கும் பிடிபடும்.

நான் பட்டதை வைத்து உங்களுக்குச் சில யோசனைகள்:

1. புத்தகம் வாங்கும்முன் அட்டைப் படத்தைப் பார்க்காதீர்கள். அச்சான வருஷத்தையும், எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பதையும் பாருங்கள். ‘3’ என்று இருந்தால் நிம்மதி. பழையதுதான் கிடைத்தது என்றால், எங்கே எது மாறியிருக்கிறது என்று முதலில் நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

2. புதுப் பாடத்தைக் காகிதத்திலிருந்து தொடங்கட்டும். அசைவு புரியாத இடத்தில் மட்டும் வீடியோ. பார்த்ததும் மூடிவிட்டுக் கையால் செய்யட்டும்.

3. எந்த வழியில் செய்தாலும், முடித்த பிறகு ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். மெதுவாகப் போகட்டும், பூனைக்குப் பதில் நாய் வரட்டும், ஏதாவது ஒன்று. மாற்ற முடிந்தால் படித்தாயிற்று. முடியாவிட்டால் பார்த்தெழுதியதுதான்.

4. பிள்ளை ‘வராது’ என்றால், குழந்தையைச் சந்தேகிக்கும்முன் புத்தகத்தையும் வீடியோவையும் சந்தேகியுங்கள். நமக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “இது என்னடா?” என்று கேட்டாலே போதும். நமக்குச் சொல்லப் போய்த்தான் அவர்களுக்கே பாதி தெளிகிறது.

கடைசியாக ஒன்று. போன வாரம் மாடி வீட்டுப் பையன், ஐந்தாம் வகுப்பு, பூனையைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றான். என் மகள் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மும்முரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. ‘மேடை இப்போ வலது பக்கம்.’ ‘கிளியர்னா இரேஸ் ஆல்.’ பேனா வருகிற பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாள்: ‘பேனா காணோம்னு அழாதே. கீழே மூலையில இருக்கு.’

150 ரூபாய்க்கு லாபமோ நஷ்டமோ, அந்த ஒரு வரிக்குச் சரியாகப் போயிற்று. வரட்டுமா, சகோதரிகளே? அடுத்த இதழில் பார்ப்போம்.